ஸ்டில்

பதினோரு வருஷமாய் ஒரே சொல்லில் வயிறு வளர்க்கிறேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
மைக்கில் சொல்வேன்: ஸ்டில்.
ஸ்டில்லா இருங்க.
ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு அது புரிகிறது.
ஒடுகத்தூர் விவசாயிக்கும் புரிகிறது,
கல்யாண ஆல்பத்தில் ஒரு ஸ்டில்லுக்காவது
நின்றிருப்பார்கள் எல்லோரும்.
வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்காக
"நொர்பேன் நா" என்று தனியாகக் கற்று வைத்திருக்கிறேன்.
என் வாயில் அது கொஞ்சம் நொண்டும்.
கேட்டுச் சிரிப்பார்கள்.
சிரித்தால் படம் கலங்கும்.
மறுபடி முதலிலிருந்து.

மால்டாவிலிருந்து வந்த மினொதி சிரிக்கவில்லை.
மூச்சைக்கூட எங்கேயோ கொடுத்துவிட்டு வந்தவள்போல்
துளைக்குள் கிடந்தாள்.
கதவிடுக்கில் காது வைத்திருந்தான் ஹரிபதோ, அவள் புருஷன்.
நான் மைக்கில் சொன்னதெல்லாம்
அவனுக்கும் விழுந்திருக்கிறது.

படத்தைப் பார்த்து டாக்டர் சொல்ல,
இரண்டு அறை தள்ளி
காதில் ஒயரோடு தட்டச்சு செய்தாள் நவமணி:
ஆறு மாதம் முன்பு இருந்த கட்டி
ஸ்டில் தெரிகிறது. அளவில் மாற்றமில்லை.
கையெழுத்து. முத்திரை. பழுப்புக் கவர்.
என் வேலை அத்தோடு முடிந்தது.

நாலாம் நாள் ஹரிபதோ மட்டும் வந்தான்.
சட்டையில் கடுகெண்ணெய் வாசனை.
லாட்ஜில் வாடகை அடுப்பில் சமைக்கிறான்.
கவரைப் பிரித்தான்.
மஞ்சள் ஏறிய விரல்
ஒரு சொல்லின் அடியில் போய் நின்றது.
எஸ், டி, ஐ
என்று எழுத்துக் கூட்டினான், எட்டாம் வகுப்பு வரை போனவன்.
எனக்குத் தெரிந்த இந்தியிலும்
அவனுக்குத் தெரிந்த சைகையிலும் விளங்கியது:
காகிதத்தில் எழுதியபடியே செய்கிறானாம்.
மூன்று நாளாய் அவளைக் கட்டிலைவிட்டு இறக்கவில்லை.
இந்த மே மாத வெயிலில், அந்தத் தகர ஃபேனுக்கடியில்,
ஒருக்களித்துப் படுக்கக்கூட விடவில்லை.
சோறு ஊட்டுகிறான். தலைமுடிக்குக் கீழே
துண்டை நனைத்து வைக்கிறான்.
அப்புறம் வரிசைகளில் நின்று நின்று
அவன் பொறுக்கிய தமிழில் கேட்டான்:
"இன்னும் எத்தனை நாள்?"

அண்ணே, அதுதான், அதேதான் என்று
கத்த வேண்டும்போல் இருந்தது.
நீ இப்போது சொன்னாயே ஒரு சொல்,
காகிதத்தில் இருப்பது அது.
நான் மைக்கில் சொன்னது கட்டளை.
இது வெறும் சேதி.
ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு,
ஒன்று "அசையாதே" என்கிறது,
ஒன்று "போகவில்லை" என்கிறது.

கட்டளையென்றால் அவனுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.
அதைப் பிடுங்கிக்கொண்டு
சேதியைக் கையில் கொடுக்கவேண்டும் நான்.
மெஸ்ஸில் கரண்டியோடு நிற்பவர்
"இன்னும்?" என்றால் இலையில் சோறு விழும்.
இந்த "இன்னும்"முக்கு எதை நீட்டுவான்?

கடைசியில் கவரின் முதுகில் ஒரு வட்டம் வரைந்தேன்.
பக்கத்தில் கோணல்மாணலாய் ஒரு பெண்.
வட்டத்தைத் தொட்டு
"இதுதான் அசையாமல் கிடக்கிறது" என்றேன்.
பெண்ணைத் தொட்டு
இரண்டு விரலை மேஜைமேல் நடக்கவிட்டேன்.
மேஜை முடியும் வரை நடக்கவிட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
கவரை மடித்தான்.
நன்றி சொன்னானா என்று நினைவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கோட்டை அகழி ஓரம் பார்த்தேன்.
தண்ணீர் பச்சையாய், ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.
மினொதி வேர்க்கடலைப் பொட்டலத்தோடு முன்னால் போனாள்.
ஒரு கை தூரம் பின்னால் அவன்,
நிறைகுடம் ஒன்று தனியே நடந்துபோவதுபோல்
பார்வையால் தாங்கிக்கொண்டு.
நான் கூப்பிடவில்லை.

மறுநாள் மைக்கில் "ஸ்" வரை வந்துவிட்டது.
விழுங்கிக்கொண்டு
"ஆடாதீங்க" என்றேன்.
துளைக்குள்ளிருந்து பேர்ணாம்பட்டுக்காரர் சொன்னார்:
"இன்னும் ஆடவே ஆரம்பிக்கலியே தம்பி."